அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை: இறுதி நாள் ஹதீஸ்களைச் சோதிப்பது எப்படி?

2020 மே மாதத்தின் முதல் வாரம். கொரோனா பரவலால் மே 5ஆம் தேதி கோயம்பேடு மொத்த மார்க்கெட்டை மூடினார்கள். அடுத்த சில நாட்களில் பூந்தமல்லியைத் தாண்டி திருமழிசையில் தற்காலிக மார்க்கெட் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சத்தமே இல்லை. பள்ளிவாசல்கள் மார்ச் மாதமே பூட்டப்பட்டுவிட்டன. ரமலான் நோன்பு நடந்துகொண்டிருந்தது. ஆனால் கஞ்சியும் வீட்டில்தான், தராவீஹ் தொழுகையும் வீட்டில்தான். டெல்லி தப்லீக் கூட்டத்துக்குப் பிறகு முஸ்லிம்கள் மீது விழுந்த பழி வேறு, பலரை வாசல் தாண்டவே தயங்க வைத்திருந்தது.

அந்த நேரத்தில்தான் கைபேசிகளில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கியது. அரபு, உருது, மலாய், இந்தோனேசியம் என்று மொழி மொழியாகத் தாவியது. ரமலான் மாதத்தின் நடுவில், வெள்ளிக்கிழமையன்று, வானத்திலிருந்து ஒரு பேரொலி கேட்கும், தூங்குபவர் விழித்துவிடுவார், கதவைச் சாத்தி, சன்னல்களை அடைத்து, காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். கூடவே ஒரு கணக்கு: இந்த ரமலானின் 15ஆம் நாள் வெள்ளிக்கிழமை வருகிறது, அது மே 8. நபிகள் நாயகம் சொன்னதாகவே செய்தி சொன்னது. கீழே ஒரு நூலின் பெயர். சிலவற்றில் ஹதீஸ் எண்கூட.

வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஒரு குடும்பத்துக்கு அந்தச் செய்தி என்ன செய்திருக்கும்? பூந்தமல்லி பக்கம் ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். மகள் பள்ளிவாசல் இமாமுக்குப் போன் போடுகிறாள்.

“ஹஜ்ரத், வெள்ளிக்கிழமை ஏதோ பெரிய சத்தம் வருமாமே. அம்மா நேத்திலேர்ந்து தூங்கவே இல்ல. நெசமா?”

“யாரு சொன்னதுன்னு போட்டிருக்காம்மா?”

“கிதாபு பேரு போட்டிருக்கு ஹஜ்ரத். நம்பர்கூட இருக்கு.”

“கிதாபுல இருந்தா மட்டும் போதாதும்மா. அந்தக் கிதாபுக்கு அது யார் கை மாறி வந்துச்சுன்னு பார்க்கணும்.”

இப்படி ஒரு பதில் கிடைத்த வீட்டில் அன்றிரவு எல்லோரும் தூங்கியிருப்பார்கள். கிடைக்காத வீடுகள் எத்தனையோ. மே 8 வந்தது, போனது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சவூதி அரேபியாவில் அந்த ஆண்டு நோன்பு ஏப்ரல் 24 அன்று தொடங்கியது. அங்கே 15ஆம் நாள் வெள்ளிக்கிழமைதான். தமிழ்நாட்டிலோ பிறை கணக்குப்படி முதல் நோன்பு ஏப்ரல் 25. ஆகவே சென்னையில் 15ஆம் நாள் சனிக்கிழமை! சொந்த ஊர் பிறையைக்கூடப் பார்க்காமல், எங்கோ யாரோ போட்ட கணக்கை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஹதீஸைச் சோதிப்பது என்றால் என்ன?

நபிகளின் சொல், செயல், அங்கீகாரம் பற்றிய செய்திதான் ஹதீஸ். ஒவ்வொரு ஹதீஸிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, ‘இவரிடமிருந்து அவர் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார்’ என்று போகும் அறிவிப்பாளர் தொடர். அரபியில் இஸ்னாத். இன்னொன்று செய்தியின் வாசகம். அரபியில் மத்ன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் பட்டறைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். பெட்டியில் நல்ல கம்பெனியின் ஸ்டிக்கர் இருக்கிறது என்பதற்காக யாரும் சரக்கை எடுத்துவிடுவதில்லை. எந்த லாட், எந்த மெஷின், யார் பரிசோதித்தார் என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பார்கள். ஒரு இடத்தில் பதிவு இல்லை என்றால் மொத்த லாட்டையும் தனியே வைத்துவிடுவார்கள். ஹதீஸ் அறிஞர்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுவே. தொடரில் வரும் ஒவ்வொருவரும் நம்பகமானவரா, நினைவாற்றல் உள்ளவரா, தனக்கு முந்தையவரை நேரில் சந்தித்தவரா என்று பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்த நூல்கள் இதற்கென்றே எழுந்தன. அதன் பிறகு வாசகத்தில் முரண் இருக்கிறதா, அதைவிட உறுதியான செய்திகளோடு மோதுகிறதா என்று பார்த்தார்கள்.

முடிவில் கிடைப்பவைதான் இன்று தமிழ் முஸ்லிம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் சொற்கள்: ஸஹீஹ் என்றால் ஆதாரப்பூர்வமானது. ஹஸன் என்றால் ஏற்கத்தக்கது. ளயீஃப் என்றால் பலவீனமானது. மவ்ளூஃ என்றால் இட்டுக்கட்டப்பட்டது.

பேரொலிச் செய்தி தேறுமா?

ரமலான் பேரொலிச் செய்தியை இந்தச் சோதனையில் நிறுத்தினால் என்ன ஆகிறது? இது வருவது நுஐம் இப்னு ஹம்மாத் தொகுத்த ‘கிதாபுல் ஃபித்தன்’ என்ற நூலில். இறுதிக் காலக் குழப்பங்கள் பற்றிய செய்திகளைத் திரட்டிய ஆரம்பகால நூல் அது. நுஐம் 843ஆம் ஆண்டு வாக்கில் சிறையில் இறந்தவர். குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற விவாதத்தில் அன்றைய ஆட்சியாளர்களின் கருத்தை ஏற்க மறுத்ததற்காகச் சிறைப்பட்டவர். அவருடைய மன உறுதியை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்த நூலில் அவர் திரட்டியவற்றில் ஏற்க முடியாத விசித்திரங்கள் இருப்பதாகப் பிற்கால அறிஞர் தஹபீயே எழுதியிருக்கிறார்.

தொடருக்கு வருவோம். அதில் இப்னு லஹீஆ இருக்கிறார். எகிப்தின் நீதிபதி, தன் ஏடுகள் தீயில் எரிந்த பிறகு நினைவிலிருந்து சொல்லித் தடுமாறியவர் என்று குறிக்கப்படுபவர். அப்துல் வஹ்ஹாப் இப்னு ஹுஸைன் என்றொருவர் இருக்கிறார். அவர் யாரென்றே தெரியவில்லை. முஹம்மத் இப்னு ஸாபித் அல்புனானீ பலவீனமானவர் என்று சொல்லப்பட்டவர். கடைசியில் கூஃபா நகரத்து ஹாரிஸ் அல்அஃவர். அவரைப் பொய்யர் என்று அதே ஊர் அறிஞர் ஷஅபீ கடுமையாகவே சொல்லியிருக்கிறார். ஒரே தொடரில் நான்கு ஓட்டைகள். 12ஆம் நூற்றாண்டு பாக்தாதின் இப்னுல் ஜவ்ஸீ முதல் 20ஆம் நூற்றாண்டின் அல்பானீ வரை, ரமலான் பேரொலி பற்றிய செய்திகளை இட்டுக்கட்டப்பட்டவை என்றே ஒதுக்கினார்கள்.

வாசகத்தைப் பார்த்தாலும் அதே கதைதான். ரமலான் 15 வெள்ளிக்கிழமையில் வருவது அபூர்வம் அல்ல. சராசரியாக ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1,400 ஆண்டுகளில் சுமார் 200 முறை வந்து போயிருக்கும். இனியும் வரும். அப்போதும் இதே செய்தி புதுசாகக் கிளம்பும். எதிர்காலத்தில் இந்த ஆண்டு, இந்த மாதம் இது நடக்கும் என்று தேதி குறிக்கும் ஹதீஸ்கள், இட்டுக்கட்டலின் அடையாளங்களில் ஒன்று என்று 14ஆம் நூற்றாண்டிலேயே இப்னுல் கையிம் எழுதிவைத்துவிட்டார்.

ஏன் இறுதி நாள் செய்திகளில் இவ்வளவு கலப்பு?

தொழுகை, வியாபாரம், திருமணம் பற்றிய ஹதீஸ்களை அன்றாடம் பயன்படுத்தினார்கள், விவாதித்தார்கள், வடிகட்டினார்கள். வருங்காலம் பற்றிய செய்திகளுக்கு அந்த அளவு இறுக்கமான வடிகட்டல் இல்லை. பெரும்போர் முன்னறிவிப்புகள், போர்க்கதைகள், குர்ஆன் விளக்கக் குறிப்புகள் ஆகிய மூன்று வகை நூல்களிலும் அடித்தளம் இல்லாதவை அதிகம் என்ற கருத்து இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் பெயரிலேயே சொல்லப்படுகிறது.

இன்னொரு காரணம் அரசியல். 747ஆம் ஆண்டு குராசானில் அபூ முஸ்லிம் கறுப்புக் கொடி ஏந்தி உமய்யா ஆட்சிக்கு எதிராகக் கிளம்பினார். 750இல் அந்த ஆட்சி விழுந்து அப்பாஸியர்கள் வந்தார்கள். குராசானிலிருந்து கறுப்புக் கொடிகள் வரும், அவற்றை யாரும் தடுக்க முடியாது என்ற வகைச் செய்திகள் அந்தக் கிளர்ச்சிக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவற்றில் ஒன்றைப் பதிவுசெய்த திர்மிதீ, அதைத் தனித்து வரும் அரிதான செய்தி என்று கூடவே குறித்துவிட்டார். அதன் தொடரில் உள்ள ரிஷ்தீன் இப்னு ஸஅத் பலவீனமானவர். இதே பொருளில் வேறு தொடர்களில் வரும் சிலவற்றை ஏற்கும் அறிஞர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. ஆக, இது முடிந்துபோன விஷயம் அல்ல.

நவீன வரலாற்றாய்வாளர்கள் இன்னொரு கோணத்திலிருந்து வந்தார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் குக் 1992இல் வெளியிட்ட கட்டுரை, இறுதிக் காலச் செய்திகளின் வயதை எப்படிக் கணிப்பது என்பதைப் பற்றியது. இத்தகைய செய்திகளில் ஒரு கட்டம் வரை நடந்த சம்பவங்கள் துல்லியமாக இருக்கும். திடீரென்று ஒரு இடத்தில் கணிப்பு தவறத் தொடங்கும். அந்தத் திருப்பத்தில்தான் யாரோ உட்கார்ந்து அதை எழுதியிருக்க வேண்டும். மரபு அறிஞரும் வரலாற்றாய்வாளரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை. ஆனால் இந்த வகைச் செய்தியைக் கண்ணை மூடி நம்பக் கூடாது என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

கார்த்திகை உதித்தால் கொரோனா போகுமா?

அதே மே மாதத்தில் இரண்டாவது செய்தி ஒன்றும் சுற்றியது. சுரய்யா நட்சத்திரம் மே 12 அன்று உதிக்கும். அது உதித்தால் கொள்ளைநோய் விலகும் என்று ஹதீஸ் இருக்கிறது என்றார்கள். சுரய்யா என்பது நாம் கார்த்திகை, அறுமீன் என்று சொல்லும் அதே நட்சத்திரக் கூட்டம்.

இது முந்தையதைப் போல வெறும் கட்டுக்கதை அல்ல. நட்சத்திரம் உதித்தால் பாதிப்பு விலகும் என்ற பொருளில் முஸ்னத் அஹ்மத் நூலில் செய்தி உண்டு. அதன் தொடர்கள் பற்றி விவாதமும் உண்டு. ஆனால் எந்தப் பாதிப்பு? கோடையின் தொடக்கத்தில் சுரய்யா அதிகாலையில் தெரியும்போது ஹிஜாஸில் பேரீச்சங்காய் நிறம் மாறத் தொடங்கும். பூச்சியும் நோயும் தாக்கும் காலம் கடந்துவிடும். அதன் பிறகு விற்றால் வாங்கியவருக்கு நஷ்டம் வராது. ஸைத் இப்னு ஸாபித் தன் தோட்டத்துப் பழங்களைச் சுரய்யா உதிக்கும்வரை விற்க மாட்டார் என்று புகாரீயில் வியாபாரம் பற்றிய பகுதியில் வருகிறது. பேச்சு பழ வியாபாரத்தைப் பற்றியது!

மார்க்கெட் பூட்டிய அந்த வாரத்தில், விளைச்சலில் மோசடி கூடாது என்று சொன்ன ஒரு செய்தி கொரோனா மருந்தாக மாறியது. மே 12 கடந்தது. இந்தியாவில் தொற்றின் முதல் அலை உச்சம் தொட்டது செப்டம்பரில். அடுத்த ஆண்டு கோடையில், கார்த்திகை மறுபடி உதிக்கும் காலத்தில், இரண்டாம் அலை அதைவிடக் கொடூரமாக வந்தது. செய்தி யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது, அது எதைப் பற்றிப் பேசுகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

ஸஹீஹ் என்றால் எல்லாம் முடிந்ததா?

இங்கேதான் சிக்கலே. 1980களுக்குப் பிறகு தமிழ்நாட்டில் தவ்ஹீத் இயக்கங்கள் எழுப்பிய விவாதங்களால் சாதாரண வாசகர்கூட ‘இது ஸஹீஹா?’ என்று கேட்கப் பழகினார். புகாரீ உள்ளிட்ட தொகுப்புகள் இன்று தமிழிலேயே கிடைக்கின்றன. நல்ல மாற்றம். ஆனால் ‘ஸஹீஹ்’ என்ற முத்திரை கிடைத்துவிட்டால் அத்துடன் யோசனையை நிறுத்திவிடும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

1979 நவம்பர் 20. ஹிஜ்ரி 1400ஆம் ஆண்டின் முதல் நாள். மக்காவின் பெரிய பள்ளிவாசலை ஜுஹைமான் அல்உதைபீ தலைமையில் ஆயுதக் குழு ஒன்று பிடித்தது. அவர்களில் ஒருவரின் பெயர் முஹம்மத் இப்னு அப்துல்லாஹ் அல்கஹ்தானீ. வரவிருக்கும் மஹ்தியின் பெயரும் தந்தை பெயரும் நபிகளுடையதைப் போலவே இருக்கும் என்ற ஹதீஸை வைத்து, இவர்தான் மஹ்தி என்று அறிவித்தார்கள். இரண்டு வார முற்றுகையில் அந்த ‘மஹ்தி’ கொல்லப்பட்டார். யாத்ரீகர்களும் படைவீரர்களும் செத்தார்கள். மஹ்தி பற்றிய செய்திகளைப் பெரும்பாலான சுன்னி அறிஞர்கள் ஏற்கிறார்கள். ஆனால் பெயர்ப் பொருத்தத்தை வைத்து ஒரு மனிதரை அதில் பொருத்தியது யார்? துப்பாக்கி வைத்திருந்தவர்கள்தான்.

2014இல் சிரியாவின் தாபிக் என்ற சிற்றூரை ஐஎஸ் அமைப்பு பிடித்தது. ராணுவ ரீதியில் பெரிய மதிப்பில்லாத ஊர். ஆனால் ரோமர்களுடனான இறுதிப் போர் அங்கே நடக்கும் என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மரபு அளவுகோலில் அது உயர்ந்த தரம். ஐஎஸ் தன் பத்திரிகைக்கே அந்த ஊர்ப் பெயரை வைத்து, உலகம் முழுக்க இளைஞர்களை அழைத்தது. 2016 அக்டோபரில் துருக்கி ஆதரவு பெற்ற சிரியக் கிளர்ச்சியாளர்கள் தாபிக்கை எளிதாகக் கைப்பற்றினார்கள். எந்த இறுதிப் போரும் நடக்கவில்லை. பத்திரிகையின் பெயர் அதற்கு முன்பே சத்தமில்லாமல் மாறியிருந்தது.

ஹதீஸ் பொய்யாகவில்லை, அதைத் தன் தலைக்குச் சூட்டிக்கொண்டவர்கள்தான் பொய்யானார்கள் என்று ஒரு நம்பிக்கையாளர் சொல்வார். சரி. ஆனால் அதற்குள் எத்தனை உயிர்கள்? 2019 ஏப்ரல் 21 அன்று, ஈஸ்டர் ஞாயிறில், இலங்கையில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கும்பலின் தலைவர் சஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடிக்காரர். தமிழில் பயான் செய்தவர். தாக்குதலுக்கு முன் அந்தக் கும்பல் உறுதிமொழி எடுத்த வீடியோவில் பின்னால் இருந்தது ஐஎஸ்ஸின் கறுப்புக் கொடி. 2022 அக்டோபர் 23 அன்று நடந்த கோவை கார் வெடிப்பு வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது பூந்தமல்லியில் உள்ள சிறப்பு நீதிமன்றத்தில்தான். அங்கே குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்பட வேண்டியவை. தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அந்த நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும், வாடகைக்கு வீடு தேடும் சாதாரண முஸ்லிமின் மீது விழும் சந்தேகப் பார்வைக்கு எந்தத் தீர்ப்பும் தேவைப்படுவதில்லை. இறுதி நாள் செய்திகளை யார், எப்படிப் பேசுகிறார்கள் என்பதன் விலையை முதலில் கொடுப்பவர் அவர்தான்.

‘பயந்தாவது தொழுவாங்களே!’

இதற்கு வழக்கமாக ஒரு பதில் வரும். “பேரொலி வருதுன்னு பயந்து நாலு பேர் தொழுதா நல்லதுதானே, என்ன கெட்டுப்போச்சு?” நல்லெண்ணத்தில் கேட்கப்படும் கேள்விதான். ஆனால் மரபே இதை ஏற்கவில்லை. நபிகள் சொல்லாததை அவர் பெயரில் சொல்வது மிகக் கடுமையான எச்சரிக்கைக்கு உரிய பாவம். நற்செயலுக்கு ஆர்வமூட்டப் பலவீனமான செய்திகளைச் சொல்லலாம் என்று அனுமதித்த அறிஞர்களும் நிபந்தனை போட்டார்கள்: பலவீனம் கடுமையாக இருக்கக் கூடாது, ஏற்கெனவே நிலைபெற்ற ஒரு பொதுக் கொள்கைக்குள் அது அடங்க வேண்டும், நபிகள் சொன்னதுதான் என்று உறுதியாக நம்பக் கூடாது. பேரொலிச் செய்தி முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடுகிறது.

அதைவிட முக்கியமானது பழக்கம். நல்ல பயம் என்று நினைத்துச் சோதிக்காமல் ஒன்றை அனுப்பப் பழகிய கை, கறுப்புக் கொடிச் செய்தி வரும்போதும் நிற்காது. மே 9 அன்று விடிந்தபோது, ‘ஹதீஸ் சொன்னது நடக்கலையே’ என்று குழம்பிய பிள்ளைக்கு யார் பதில் சொன்னார்கள்? பொய்யைச் சொல்லி வரவழைத்த பக்தி, பொய் வெளிப்படும்போது உண்மையானதையும் சேர்த்துக்கொண்டு போய்விடும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஜமாஅத்கள் நினைத்தால் இந்த வெள்ளிக்கிழமையே தொடங்கலாம். ஒரு செய்தி ஊரில் சுற்றத் தொடங்கியதும் ஜும்ஆ பயானில் பத்து நிமிடம் அதை எடுத்துப் பேசலாம்: இது எங்கிருந்து வந்தது, தொடரில் யார் இருக்கிறார், அறிஞர்கள் என்ன சொன்னார்கள் என்று. ‘பொய்’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எப்படிப் பொய் என்று தெரிந்தது என்பதையும் காட்டினால், அடுத்த முறை ஜமாஅத்தாரே கேட்கத் தொடங்குவார்கள்.

கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். யார் சொல்லி வந்தது? எதைப் பற்றிச் சொன்னது? இன்றைக்கு இவருக்கு, இந்தத் தேதிக்கு என்று பொருத்தியது யார்? முதல் கேள்வியில் ரமலான் பேரொலி விழுந்தது. இரண்டாவதில் கார்த்திகைக் கணக்கு விழுந்தது. மூன்றாவதில் மக்காவின் ‘மஹ்தி’யும் தாபிக்கும் விழுந்தன. மூன்றிலும் தேறும் வரை ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் வைத்திருப்பதே நபிகளின் பெயருக்குச் செய்யும் மரியாதை.

இறுதி நாள் எப்போது என்ற அறிவு இறைவனிடம் மட்டுமே என்பது குர்ஆனின் தெளிவான நிலைப்பாடு. உறுதியான ஹதீஸ்களிலும் அந்தக் கேள்வி வரும் இடங்களில் நபிகள் தேதி சொன்னதாக இல்லை. கேட்டவரிடமே, அதற்காக நீ என்ன தயார் செய்து வைத்திருக்கிறாய் என்று திருப்பிக் கேட்டதாகத்தான் இருக்கிறது. 2020 மே 8 அன்று சன்னலை அடைத்துக்கொண்டு காத்திருந்தவர்களைவிட, அன்றும் பக்கத்து வீட்டுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பியவர்கள் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருந்தார்கள்.